என்ன முறை வேண்டும்?

எல்லாம் முடிந்திருந்தது. யார் வீட்டு ஃபிரிட்ஜ் சமையலறைக்குப் போவது, யாருடையதை விற்றுவிடுவது என்பது முடிந்தது. அலமாரியில் எந்தப் பாதி யாருக்கு என்பது முடிந்தது. பழைய கல்யாணங்கள் இரண்டும் கோர்ட்டு முத்திரையோடு முடிந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. புதுக் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் தேதிகூட வாங்கியாயிற்று. முடியாமல் தொங்கியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்காகத் தேதி இரண்டு தடவை தள்ளிப்போயிற்று என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நம் மனிதர்களுக்குச் சொத்தைப் பிரித்துக்கொள்வது சுலபம், ஒருத்தரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் உயிர் போகும்.

கண்ணாடிக்காரியை மிளகு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? இதுதான் பிரச்சினை.

கண்ணாடிக்காரி என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் தொழில். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. முதல் கல்யாணம் பெரிய ரகளை ஒன்றும் இல்லாமல் முடிந்தது. "ரெண்டு பேரும் நல்லவங்கதான், ஒரே வீட்டுல இருந்தா மட்டும் ஆகாது" என்று அதைப் பற்றி அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அவள் கட்டிக்கொள்ளப் போகிறவர் லிஃப்ட் மெக்கானிக். கடை இருந்த கட்டடத்து லிஃப்டில் ஒருநாள் அவள் மாட்டிக்கொண்டபோது, வெளியே ஸ்குருடிரைவரும் கையுமாக நின்ற அந்த மனிதர், உள்ளே இருப்பவள் பயந்துவிடக் கூடாதே என்று பேச்சுக் கொடுத்தார். கதவு திறந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இதற்கு மேல் அந்தக் காதலை வர்ணிக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த வயதில் காதல் இப்படிச் சிக்கனமாகத்தான் நடக்கும்.

மிளகு அவருடைய மகள். பதினொரு வயது. உருவம் சின்னது, வாய் காரம், அதனால் மிளகு. அவளுடைய அம்மா வேறு ஊரில் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமும் அமைத்துக்கொண்டாள். படிப்பு கெடக் கூடாது என்று பெண் அப்பாவிடம் இருந்தாள். லீவுக்கு அம்மாவிடம் போவாள், தினமும் போனில் பேசுவாள். அதில் ஒரு குறையும் இல்லை.

கண்ணாடிக்காரியோடும் அவளுக்குச் சண்டை என்று எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தால் ஃபிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிக் கண்ணாடியில் பார்த்துத் தானே கெக்கலி கொட்டுவாள். லென்ஸின் பவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுகூடக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் பேசுவதெல்லாம் மொட்டையாக. "தண்ணி வேணுமா?" "இதை எங்க வைக்கணும்?" "அப்பா போன்ல இருக்காரு, பேசுறீங்களா?" முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல், ஒன்றும் இருக்காது. கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் எதிரில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பாள். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவாள். வாங்க, போங்க, உக்காருங்க என்று மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பேங்க் கவுன்ட்டரில் நின்று பேசுகிற மரியாதை.

சரி, போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். ஒருநாள் கண்ணாடிக்காரி லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்திருந்தபோது மேல்வீட்டு அம்மாள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் காட்ட இறங்கி வந்தாள். வந்தவள் கண்ணாடியைக் காட்டிவிட்டுப் போனால் என்ன? "மிளகு, சித்தி நின்னுக்கிட்டே இருக்காங்க பாரு, ஒரு நாற்காலி எடுத்துப் போடு" என்றாள்.

"அவங்க ஒண்ணும் என் சித்தி இல்ல" என்றாள் மிளகு. எழுந்து போனாள். அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மேல்வீட்டு அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்காரி உடைந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ஸ்குரு போட்டா சரியாயிடும்" என்றாள், யாருக்கு என்று தெரியாமல்.

அன்று ராத்திரி லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். "குழந்தை மனசுல இடம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. தேதியைத் தள்ளிவைப்போம்." தள்ளிவைத்தார்கள். அடுத்த தேதி நெருங்கியபோது யாரோ உறவுக்காரர் போனில் மிளகிடம், "சித்தி எப்படி இருக்காங்க?" என்று கேட்டுத் தொலைக்க, மறுபடி அதே பதில், மறுபடி அதே கதவு. மறுபடி தள்ளிவைத்தார்கள். "அவசரம் ஒண்ணும் இல்லையே" என்று கண்ணாடிக்காரி வாயால் சொன்னாள்.  இன்னொரு தடவை தள்ளினால் இந்த மனிதர் பெண்ணுக்காகவே ஒதுங்கிவிடுவார், தானும் நல்லவள் மாதிரிச் சரி என்று சொல்லிவிடுவோம், அப்புறம் கடையும் இருட்டறையும்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சொல்லும் அவளைச் சும்மா விடவில்லை. சித்தி! சின்ன வயசிலிருந்து கேட்ட கதையிலெல்லாம் சித்தி என்றால் சூடு போடுகிறவள். டிவி சீரியலில் சித்தி படியிறங்கி வந்தாலே பின்னணியில் ஒரு இசை போடுவான், நமக்கே பயமாக இருக்கும். "அந்தக் கும்பல்ல ஒருத்தியா என்னை நினைக்குதா இந்தப் பிள்ளை?" என்று நினைத்து நினைத்துக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மிளகின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை, அதுதான் கொடுமை. வேண்டாத பிள்ளையாக இருந்தால் போ என்று விட்டிருப்பாள்.

கடைசியில் யாரோ சொல்லி, மூன்று பேரும் ஓர் ஆலோசகர் அம்மாவிடம் போனார்கள். பிரிகிற குடும்பம், சேர்கிற குடும்பம், பாதி பிரிந்து பாதி சேர்கிற குடும்பம் எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள்தான். பழைய பல் மருத்துவமனை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திவந்தாள். நாற்காலி போட்டிருந்த இடத்தில் தரையில் இன்னும் நான்கு போல்ட்டுகளின் தடம் இருந்தது. மேஜை கிடையாது. "மேஜை போட்டா ஜனங்க அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறாங்க" என்பாள். பருத்த உடம்பு, ஜலதோஷக் குரல், சிரித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

அவளுக்கு ஒரே சட்டம். "இந்த ரூம்ல அவங்கவங்க மனசை அவங்கவங்கதான் சொல்லணும். அவளுக்குப் பிடிக்கல, இவருக்குக் கோவம்னு அடுத்தவங்க மனசுக்கு யாரும் வக்கீலா வரக் கூடாது. புரியுதா?"

லிஃப்ட்காரர் தலையாட்டிவிட்டு உடனே, "அவளுக்கு இவங்களைப் பிடிக்காம இல்ல மேடம்…" என்று தொடங்கினார். ஆலோசகர் கையை உயர்த்தினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கு இவங்களைப் பிடிக்கும்" என்றாள் மிளகு, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா சித்தின்னு கூப்பிட மாட்டேன். அவ்வளவுதான்."

"சரிதானே, அது உன் வாய்" என்றாள் ஆலோசகர். "வேற சொல்லே இல்லையா என்ன உலகத்துல? ஆன்ட்டி?"

"கடைக்கு வர்ற பிள்ளைங்க எல்லாமே என்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிடுது" என்றாள் கண்ணாடிக்காரி. "வீட்டுலயும் அதேன்னா…"  அவள் பாக்கியை விழுங்கிவிட்டாள்.

"புரியுது. அப்ப இப்படிச் செய்யலாமே, அத்தைன்னு கூப்பிட்டா என்ன? நல்ல மரியாதையான சொல்."

லிஃப்ட்காரர் ஷாக் அடித்தவர்போல் எழுந்து நின்றுவிட்டார். "அத்தையா? மேடம், அப்பாவோட தங்கச்சிதான் அத்தை! அப்ப இவங்க எனக்குத் தங்கச்சியா? தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல…"

"ஐயையோ!" என்று ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. "கெட்டுது போ! இத்தனை வருஷ அனுபவத்துக்கு இப்படி ஒரு யோசனை சொன்னேனே! உக்காருங்க, உக்காருங்க. அக்கா?"

"அக்கான்னா இவங்க எனக்கு மகளாயிடுவாங்க!"

"பெரியம்மா?"

"அவ அம்மாவை விட நான் ரெண்டு வயசு சின்னவ" என்றாள் கண்ணாடிக்காரி ரோஷமாக. "பெரியம்மா மாதிரியா தெரியறேன்?"

மிளகு பக்கென்று சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கிலிருந்து சத்தம் வந்தது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "சின்னம்மான்னு சொல்லலாமே" என்று லிஃப்ட்காரர் சிரிப்பின் நடுவில் சொன்னபோது மட்டும் அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "சின்னம்மான்னாலும் சித்திதான். எனக்குத் தெரியாதா?"

ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். "இவ்வளவு நேரம் கடையில துணி எடுக்கிற மாதிரி சொல்லு எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கோம். சித்தி ஏன் வேண்டாம்னு உன்னை யாரும் கேக்கவே இல்ல, இல்ல? நானும் கேக்கல. கேக்கலாமா?"

 மிளகு ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அது ஒரு நொடிதான். ஆனால் அதைப் பார்ப்பதற்குத்தானே அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

"சார், எங்க லிஃப்ட் ரெண்டு நாளா ஏறும்போது கடகடன்னு சத்தம் போடுது" என்றாள் அவரிடம். "நீங்க அந்த வேலைதானே? கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

அப்படிக் கேட்டால் எந்த மெக்கானிக் உட்கார்ந்திருப்பான்? "வரும்போதே கவனிச்சேன் மேடம். லிஃப்ட் தண்டவாளத்துல வழுக்கற கைடு ஷூ தேஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

"எனக்குத்தான் ஏற்கெனவே சித்தி இருக்காளே" என்றாள் மிளகு.

இரண்டு பெரியவர்களும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மாவோட தங்கச்சி. நீச்சல் டீச்சர். முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமையானா வந்துடுவா. கோர்ட்டுக்குப் போனப்ப அவளுக்கும் அப்பாவுக்கும் சண்டை. அப்புறம் வரவே இல்ல. அந்தப் பக்கத்துப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு." அவள் விரலால் நாற்காலி விளிம்பைச் சுரண்டினாள். "அம்மாவாவது போன்ல இருக்காங்க. சித்தி போயே போயிட்டா. இப்ப இவங்க சித்தி ஆயிட்டா, அவ யாரு? நான் சித்தின்னு சொன்னா எல்லாரும் இவங்களைத்தான் சொல்றேன்னு நினைப்பாங்க. அப்புறம் அவ வந்தாகூட அவளுக்குப் பேரே இருக்காது."

சொல்லி முடித்ததும் தேம்பித் தேம்பி அழுதாள்.

கண்ணாடிக்காரிக்கு என்ன ஆயிற்று என்கிறீர்கள்? வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளை அழுகிறது, இவளுக்கு எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது. என்னை வெறுக்கவில்லை! சூடு போடுகிற சித்தி என்று நினைக்கவில்லை! தன் சித்தியின் பெயரைக் காப்பாற்ற இந்தப் பொடிசு தனியாளாக இத்தனை நாள் காவல் நின்றிருக்கிறது. எத்தனை மாசத்து இறுக்கம், அப்பாடா என்று ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. அதோடு கண்ணீரும் வந்தது. ஆலோசகர் காகித டவல் பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

லிஃப்ட்காரர் கிரீஸ் கையோடு திரும்பி வந்தார். "நான் சொன்னதேதான், கைடு ஷூ" என்று ஆரம்பித்தவர் மூவரையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மிளகே சொன்னாள். ஆலோசகரின் சட்டப்படி, தன் மனசைத் தன் வாயால். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கேட்கக் கேட்க முகம் சின்னதாகிப்போயிற்று.

"கோர்ட்டு படிக்கட்டுல அவ என்னைக் கல்லுன்னு சொன்னா" என்றார் கடைசியில். "அத்தனை பேர் முன்னாடி. நீங்க மனுஷனே இல்ல, கல்லுன்னு. அவ அனுப்பின மெசேஜ் எதுக்கும் நான் பதில் போடல. நம்பரையே எடுத்துட்டேன். என்னைத்தான் திட்டினா, எனக்குத்தான் கோவம். இதுல குழந்தைக்கு என்னன்னு நான் நினைச்சே பாக்கல." அவர் மகளிடம் குனிந்தார். "தப்பு என் மேலதாம்மா."

"அப்ப கூப்பிடு அவளை" என்றாள் மிளகு.

"நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?"

"நான் போறேன்" என்றாள் கண்ணாடிக்காரி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆலோசகர் மட்டும் கேட்டாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அவங்க வந்துட்டா சித்தி அவங்கதான். உங்களுக்கு அந்தச் சொல் கிடைக்காது. வேற சொல்லும் இப்ப நம்ம கையில இல்ல."

"தெரியும் மேடம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குச் சொல்லு வேணும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவகிட்டேர்ந்து பிடுங்கி எடுத்து எனக்கு வேண்டாம்."

அடுத்த நாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போனாள். கூரை போட்ட குளம். கதவைத் திறந்ததும் வெந்நீர் ஆவியும் குளோரின் வாசனையும் முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடி முழுக்க மூடுபனி. ஊருக்கெல்லாம் கண் தெரிய வைக்கிறவள், ஈரத் தரையில் தடவித் தடவி நடந்தாள். எங்கேயோ ஒரு விசில் காதைக் கிழித்தது. "காலை மடக்காத! உதை! உதைடா!" என்று ஒரு குரல் கூரையில் மோதியது.

"எந்த பேட்ச்?" என்று அதே குரல் பக்கத்தில் கேட்டது. "பெரியவங்களுக்குக் காலையில மட்டும்தான். தொப்பி கட்டாயம்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். டிராக் பேன்ட், கழுத்தில் விசில், மிளகின் அதே மூக்கு. "நான் சேர வரல. மிளகு விஷயமா வந்தேன். நான் அவ அப்பாவைக் கட்டிக்கப் போறவ."

நீச்சல் டீச்சரின் முகம் இறுகிப்போயிற்று. "அக்காவுக்குத் தெரியுமே, அவளே சந்தோஷம்னுதான் சொன்னா. என்கிட்ட எதுக்கு வந்தீங்க? நான் ஒண்ணும் குறுக்க நிக்கல."

"குறுக்க நிக்காததுதாங்க பிரச்சினை" என்றாள் கண்ணாடிக்காரி.

அவள் நடந்ததைச் சொன்னாள். குளத்தில் பிள்ளைகள் தத்தளித்துக்கொண்டிருக்க, டீச்சர் விசிலை ஊதுவதை மறந்து கேட்டாள். மேல்வீட்டு அம்மாள், நாற்காலி, படார் என்று சாத்திய கதவு. சித்தி என்ற பெயரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று அந்தப் பெண் பிடித்த பிடிவாதம்.

"மெசேஜ் போட்டுப் பாத்தேன்" என்றாள் டீச்சர். குரல் இப்போது குளத்துக் குரல் இல்லை. "பதிலே இல்ல. ஸ்கூல் வாசல்ல போய் நிக்கலாம்னு ஒருநாள் கிளம்பினேன். பாதி வழியில, நம்மால அங்க புதுசா ஒரு சண்டை வந்து பிள்ளை தலையில விடியப் போகுதுன்னு திரும்பிட்டேன். அப்புறம் நீங்க வரப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, புதுசா ஒருத்தி வர்ற வீட்டுல பழைய பொண்டாட்டியோட தங்கச்சிக்கு என்ன வேலைன்னு விட்டுட்டேன். நாகரிகமா ஒதுங்கறதா நினைச்சேன்."

"எல்லாருமே நாகரிகமாத்தான் இருந்திருக்கோம். பிள்ளைதான் அழுதிருக்கு."

டீச்சர் விசிலைக் கையில் பிடித்து உருட்டினாள். "என்னை மறந்திருப்பான்னு நினைச்சேங்க." சொன்னதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டிராக் சூட் கையால் முகத்தைத் துடைத்தாள். குளத்தில் ஒரு பையன், "டீச்சர், நாங்க இன்னும் உதைக்கணுமா?" என்று கத்தினான். "உதை!" என்று அழுகையோடு கத்தினாள் அவள்.

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

"வந்தா நீங்க என்ன ஆவீங்க? உங்களையும் சித்தின்னு கூப்பிடச் சொல்றேன் அவகிட்ட. ரெண்டு பேர் இருந்துட்டுப் போறோம்."

"நான் சித்தின்னா, முறைப்படி உங்க அக்கா எனக்கும் அக்கா. நீங்களும் நானும் அக்கா தங்கச்சி. அப்புறம் அவர் நமக்கு யாரு, உங்க அக்காவோட புது வீட்டுக்காரர் அவருக்கு யாரு…"

"ஆளை விடுங்க! இந்தக் கணக்குக்கு நான் வரல" என்று கும்பிட்டாள் டீச்சர். அவளும் சிரித்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க அவகிட்ட. சும்மா வாங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் விடிந்ததிலிருந்து வீட்டைப் பெருக்கினார், பெருக்கின வீட்டையே பெருக்கினார். மணி அடித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடிக்காரிதான் அவரைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

கதவைத் திறந்தார். டீச்சர் நின்றாள்.

"வாம்மா" என்றார்.  "நான் செஞ்சது தப்பு. கல்லுன்னு நீ சொன்னது சரியாப் போச்சு."

"விடுங்க மாமா. நானும் அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

"இன்னும் மாமாவா நான்?"

"கோர்ட்டுல அக்காவைத்தானே பிரிச்சாங்க? மாமாவைப் பத்தி ஜட்ஜ் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் டீச்சர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார், நகர்த்த ஒரு தேவையும் இல்லாத நாற்காலி.

மிளகு அறை வாசலில் நின்றாள். ஓடி வருவாள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஓடவில்லை. கண் சிவந்து, மூக்கு விடைத்து, "நீ ஏன் வரல?" என்று கத்தினாள். "எருமை! நீ ஏன் வரவே இல்ல? நீ பாட்டுக்குப் போயிட்ட!" அப்புறம்தான் ஓடிவந்து சித்தியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக் குத்தினாள், ஒரு குத்து, இரண்டு குத்து. டீச்சர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, "குத்துடி, நல்லாக் குத்து" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே அறைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. கண்ணாடிக்காரி அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை அதற்கு முன் கேட்டதில்லை.

அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது. சத்தியமாக நிம்மதிதான். லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து நின்று, "உங்களாலதான்" என்றார். "பரவாயில்ல" என்றாள். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதன் ஓர் ஓரத்தில், வந்த வேலை முடிந்துவிட்டது, இனி இவர்கள் ஒரு குடும்பம், நான் வெளியாள் என்று ஒரு சின்ன வலியும் இருந்தது. எதிர்பார்த்த வலிதான், அதனால் தாங்க முடிந்தது.

கதவு திறந்தது. "மாமா, நாங்க கொஞ்சம் வெளிய நடந்துட்டு வரோம்" என்றாள் டீச்சர். மிளகு தரையில் உட்கார்ந்து ஷூ மாட்ட ஆரம்பித்தாள்.

இவர்கள் பேச எவ்வளவோ இருக்கும், நாம் நடுவில் எதற்கு என்று கண்ணாடிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். சத்தம் போடாமல் செருப்பைக் காலில் மாட்டினாள். "அப்ப நான் கிளம்பறேங்க" என்று லிஃப்ட்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏய், நீ எங்க போற?"

 மிளகு ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏய் மிளகு! என்ன பழக்கம் இது? பெரியவங்களைப் போய் நீ, வா, போன்னு! மரியாதையா…"

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் கண்ணாடிக்காரி. அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்" என்றாள் மிளகு, பொறுமை போய். "நாங்க எல்லாம் போறோம், நீ மட்டும் எங்க போற?"

"எங்கயும் போகலடி" என்றாள் கண்ணாடிக்காரி. பையை ஆணியில் மாட்டினாள்.